பொத்தான் பெட்டியில் வெற்றுச் சில்லுகள்

அந்த வீட்டில் அளவெடுப்பவர்கள் இரண்டு பேர். கணவர் உடம்புக்கு அளவெடுப்பார், தையல்காரர். மனைவி காற்றுக்கு அளவெடுப்பார். முதல் தொழில் எல்லோருக்கும் புரிந்தது. இரண்டாவதைப் புரியவைக்க அந்த அம்மாவுக்கு ஓர் ஆயுள் பிடித்தது. அந்த ஆயுளும் போன குளிர்காலத்தோடு முடிந்தது.

தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் டப்பாம்மா. எங்கே போனாலும் தோளில் ஒரு பை, பைக்குள் தட்டையான தகர டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கரி. வீடு வீடாகப் போவார். கீழறையில் ஒரு டப்பாவைத் திறந்து வைப்பார். சில நாள் கழித்து வந்து மூடி எடுத்துப்போவார்.

"கரிய வச்சிட்டுப் போறீங்க, அதே கரிய எடுத்துட்டுப் போறீங்க. நடுவுல என்னதாம்மா நடக்குது?" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டாராம்.

"காத்து வந்து உக்காருது" என்றாராம் டப்பாம்மா.

உண்மையில் வந்து உட்காருவது ரேடான். மண்ணிலும் பாறையிலும் கொஞ்சம் யுரேனியம் எங்கும் உண்டு. அது சிதைந்து சிதைந்து போகிற வழியில் ஒரு கட்டத்தில் வாயுவாகிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் ஏறும். வெளியில் என்றால் காற்றோடு காற்றாகக் கலைந்துவிடும். மூடிக் கிடக்கிற கீழறை என்றால் சட்டமாகத் தங்கிவிடும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது.

ரேடானும் சிதையும். அதற்குப் பிறப்பவை வாயு அல்ல, கண்ணுக்குத் தெரியாத திடத்துணுக்குகள். தூசியில் ஒட்டும், சுவரில் ஒட்டும், நுரையீரலிலும் ஒட்டும். டப்பாம்மா இதை விளக்குகிற விதமே தனி. "ரேடான் தாய். அதுக்குப் பொறந்தது பிள்ளைங்க. கெடுதல் பண்றதெல்லாம் பிள்ளைங்கதான். பேர் கெடுறது தாய்க்கு." இதைச் சொல்லும்போது மகள் பக்கத்தில் இருந்தால் ஒரு பார்வை பார்ப்பார். மகள் அந்தப் பார்வையைக் கவனிக்காததுபோல் இருந்துவிடுவாள்.

அவர் வேலை பார்த்த அளவை நிலையம் ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம். அங்கே ரேடானைப் பிடிக்க மூன்று வழிகள் வைத்திருந்தார்கள். கரி டப்பா சில நாளைக் கணக்கைச் சொல்லும். மழை பெய்தால், கதவு திறந்தால் ஆடிப்போகும். இரண்டாவது, பிளாஸ்டிக் சில்லு. விரல் நகம் அளவு, கண்ணாடிபோல் தெளிவு. அதை ஒரு கறுப்புக் கிண்ணிக்குள் வைத்து மூன்று மாதம் அறையில் தொங்கவிட வேண்டும். ரேடான் சிதையும்போது தெறிக்கிற துகள்கள் சில்லில் தழும்பு போடும். சில்லைச் சூடான காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போட்டால் தழும்பு குழியாகும். மைக்ராஸ்கோப்பில் குழிகளை எண்ணினால் மூன்று மாதக் கதை தெரியும். மூன்றாவது, பம்ப். சில நிமிடம் காற்றை உறிஞ்சி ஒரு வடிதாளில் பிள்ளைகளைப் பிடித்து, உடனே எண்ணிச் சொல்லிவிடும்.

டப்பாவும் சில்லும் டப்பாம்மாவின் ராஜ்ஜியம். பம்ப், பக்கத்து மேஜைக்காரருடையது. டப்பாம்மாவை விட இளையவர், வாய் மட்டும் மூத்தது. அவரைப் பம்ப்காரர் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

"அக்கா, திருடுறது பிள்ளைங்க. நீங்க போயி தாயப் பிடிச்சு விசாரிக்கிறீங்க. நான் நேரா கையும் களவுமா பிள்ளைங்களப் பிடிக்கிறேன்."

"நீ ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுக் குடும்பத்தப் பத்திக் கதை கட்டுற ஆளு. நான் மூணு மாசம் கூடவே இருந்து பாத்துட்டுச் சொல்றேன்."

"மூணு மாசம் கூட இருந்தா வீட்டுக்காரங்க சோறு போடலியா?"

"போட்டாங்க. உனக்கும் எடுத்துட்டு வந்திருக்கேன். தின்னுட்டு வாய மூடு."

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது வண்டி.

டப்பாம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. நிலையத்தில் வேறு யாரும் அதைச் செய்ததில்லை. அளவு அதிகம் என்றால் நிலையத்திலிருந்து கடிதம் போகும், பின்னாலேயே பழுது பார்க்கும் ஆள் போவார். குறைவு என்றாலும் கடிதம்தான் போகவேண்டும். ஆனால் குறைவு என்றால் டப்பாம்மா தானே போவார். வாசலில் நின்று, செருப்பைக் கூடக் கழற்றாமல், ஒரே வாக்கியம் சொல்வார்: "நிம்மதியா மூச்சு விடுங்க." சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். எவ்வளவோ பேர் உள்ளே கூப்பிட்டும் உட்கார்ந்ததில்லை. "நல்ல சேதி சொல்லிட்டு நாற்காலியில உக்காந்தா, வேற ஏதோ கேக்க வந்தவ மாதிரி இருக்கும்" என்பார். வேலையில் அவருக்குப் பிடித்த இடம் அந்த வாசல்தான். கரைசல் நாற்றமும் மைக்ராஸ்கோப் கழுத்துவலியும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்று தையல்காரருக்குத் தெரியும்.

நிலையத் தலைவருக்கு ஒரு நாள் ஞானம் வந்தது. "ஒரே அறைக்கு நாம மூணு பேரு மூணு பதில் சொன்னா, வீட்டுக்காரன் நாலாவது ஆள்கிட்டப் போயிடுவான்" என்றார். மூன்று முறைகளையும் ஒரே அறைகளில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. நடுவராக இருக்க, விடாமல் ஓடுகிற மின்னணு மானி ஒன்று வெளியிலிருந்து இரவலாக வந்தது. நிலையத்தின் கிடங்கு, நூலகத்தின் கீழ்த்தளம், ஓர் அச்சகத்தின் கீழறை, நிலையத்தின் மேல்மாடி என்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எது தேறவில்லையோ அதை நிறுத்திவிடுவது என்பது நிபந்தனை.

மூன்று மாதம் போனது. எல்லாவற்றையும் ஒரு மேஜையில் பரப்பினார்கள்.

டப்பா ஒரு வாரம் ஏறியது, ஒரு வாரம் இறங்கியது. மொத்தத்தில் மானியோடு கை கோத்துக்கொண்டது. பம்ப் குறைவாகச் சொன்னது. ஆனால் அது எதிர்பார்த்ததுதான். தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எல்லாம் காற்றிலேயே திரிவதில்லை. பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கழிவு போக அதுவும் தேறியது.

சில்லு தேறவில்லை. நான்கு அறையிலும் மானியை விடக் குறைவு. மேல்மாடியில் இன்னும் மோசம். கணக்குப் போட்டால் பூஜ்யத்துக்கும் கீழே போனது.

பம்ப்காரர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "அக்கா, மேல்மாடி ரேடானத் தின்னுதா?"

டப்பாம்மா சிரிக்கவில்லை. பம்ப்காரர் தாளைக் கீழே வைத்தார்.

"சரி, சில்ல நிறுத்திடலாம். டப்பாவ வச்சே ஓட்டுவோம்" என்றார் தலைவர். அவரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

டப்பாம்மாவுக்கு அங்கேதான் ஆரம்பித்தது. சில்லு போனால் போகட்டும். ஆனால் சில்லு குறைத்துச் சொல்கிறது என்றால், அதை நம்பி அவர் வாசல் வாசலாகச் சொன்ன சொல் என்ன ஆவது? நிம்மதியாக மூச்சு விடுங்கள் என்று கேட்டுக்கொண்டு எத்தனை பேர் கீழறையில் கட்டில் போட்டார்களோ. கொட்டின பாலையாவது துடைக்கலாம். சொன்ன சொல்லை எதை வைத்துத் துடைப்பது?

அடுத்து வந்த நாட்களில் அவர் கரைசலைச் சோதித்தார். சூடு சரி. ஊறிய நேரம் சரி. மைக்ராஸ்கோப்பைத் துடைத்து, எண்ணியதையே மீண்டும் எண்ணினார். பம்ப்காரரையும் உட்கார்த்தி எண்ணச் சொன்னார். இருவருக்கும் ஒத்துப்போனது. வீட்டில் யார் என்ன கேட்டாலும் "ம்" என்றார். குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்தது. தையல்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

"சரக்கு மட்டமா இருக்கும்மா. துணியில இல்லையா, அது மாதிரி" என்றார்.

அதையும் டப்பாம்மா நினைத்துப் பார்த்திருந்தார். எந்தப் பிளாஸ்டிக்குக்கும் பிறவித் தழும்பு உண்டு. அதனால்தான் வாங்குகிற ஒவ்வொரு சில்லுக் கட்டிலும் சிலவற்றை எந்த அறையிலும் மாட்டாமல் ஒதுக்கி வைப்பார்கள். அவற்றுக்கு வெற்றுச் சில்லு என்று பெயர். அதில் இருக்கிற தழும்பை மற்றதிலிருந்து கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது ரேடான் போட்டது. கொஞ்ச காலமாக வெற்றுச் சில்லுகளில் தழும்பு கூடுதலாகத்தான் தெரிந்தது. சரக்கு மட்டம் என்று மனதுக்குள் திட்டிவிட்டு, கூடுதலாகவே கழித்துக்கொண்டு வந்தார். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கழிப்பதுதானே முறை.

மறுநாள் மாலை எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பம்ப்காரர் பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

"தம்பி, இங்க வா. அச்சகத்துல எவ்வளவு குறையுது பாரு. நூலகத்துல எவ்வளவு?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"கிடங்குல?"

"ஏறக்குறைய அதேதான்." பம்ப்காரர் பையைக் கழற்றினார்.

"அச்சகத்துல ரேடான் எக்கச்சக்கம். மேல்மாடியில ஒண்ணுமே இல்ல. நான் எண்ணுறதுல தப்புன்னா, அதிகமா இருக்கிற எடத்துல அதிகமா குறையணும், கம்மியா இருக்கிற எடத்துல கம்மியா குறையணும். எல்லா எடத்துலயும் ஒரே அளவு குறைஞ்சா அது தப்பா எண்ணுறது இல்ல. யாரோ கையவிட்டு எடுத்திருக்காங்க."

"யாரு?"

"நான்தான். நான்தான் கழிச்சேன்."

பம்ப்காரர் மெதுவாகக் கேட்டார். "அக்கா, வெத்துச் சில்லெல்லாம் எங்க இருந்துச்சு?"

அதற்குப் பதில் சொல்லுமுன் டப்பாம்மா பையை எடுத்துக்கொண்டார். "உன் பம்ப எடு. உன் பேன்ட் வேற எங்க வீட்டுலதான் இருக்கு."

வெற்றுச் சில்லுகள் இருந்த இடம் தையல்காரரின் பொத்தான் பெட்டி. அங்கே அவை போன கதை சின்னது. ஒரு சமயம் கருவிகளைச் சரிபார்க்க நிலையத்துக்கு ஒரு பெட்டகம் வந்தது. உள்ளே வேண்டுமென்றே ரேடானை நிரப்பி வைப்பார்கள். அதன் மூடியின் மேல் டப்பாம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. கசிந்தால் வெற்றுச் சில்லு வெற்றாக இருக்காதே. அதனால், சில்லுகள் வந்த உறையைப் பிரித்ததும் வெற்றுச் சில்லுகளைத் தனியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். பிளாஸ்டிக் பையில் தூசி நுழையாது, ரேடான் நுழையும் என்று அவருக்குத் தெரியும். அதனால் என்ன? அவர் வீடுதான் சுத்தமான வீடாயிற்றே. வாங்கிய புதிதில் அவரே கூடத்தில் டப்பா வைத்துப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, வாசலில் போய் நின்று கணவரிடம் அந்த வாக்கியத்தையும் சொல்லியிருக்கிறார்.

அப்போது கீழறை உடைந்த நாற்காலிகளின் இடுகாடு. அங்கே யாரும் மூச்சு விடவில்லை. பிற்பாடு தையல்காரருக்கு வாடகைக் கடை போனது. நாற்காலிகளை அப்புறப்படுத்தி, கழிவுநீர்க் குழாய்க்காகத் தரையை ஒரு மூலையில் உடைத்து, துணியில் தூசி விழாமலிருக்க ஜன்னலை அடைத்து, மெஷினையும் பொத்தான் பெட்டியையும் இறக்கி உட்கார்ந்துவிட்டார். டப்பாம்மா தினமும் தேநீரோடு அந்தப் படியில் இறங்கினார். அடைத்த ஜன்னலையும் உடைத்த தரையையும் தினமும் பார்த்தார். வேறு யார் வீட்டிலாவது பார்த்திருந்தால் பைக்குள் கை போயிருக்கும்.

இருவரும் கீழறைக்குள் இறங்கியதும் தையல்காரர் மெஷினிலிருந்து நிமிர்ந்தார். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. இஸ்திரிப் பெட்டி ஆவி விட்டது.

"வாங்க தம்பி. இடுப்பு ரெண்டு விரல் இறக்கிட்டேன். இனிமே இறக்கணும்னா துணி இல்ல, நீங்கதான் இறங்கணும்."

"மாமா, பேன்ட் இருக்கட்டும். கொஞ்ச நேரம் பம்ப் போட்டுக்கட்டுமா?"

"எதுக்கு? நான் சுத்தமாத்தானே குளிச்சிருக்கேன்."

பம்ப் ஓடியது. வடிதாளை எண்ணியில், துகள் தெறித்தால் சத்தம் போடும் கருவியில், வைத்தார்கள். பம்ப்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அக்கா, பயப்படுற மாதிரி ஒண்ணுமே இல்ல. கம்மியாத்தான் இருக்கு."

டப்பாம்மா அவரைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபேன நிறுத்துங்க."

"இந்த இஸ்திரிப் பெட்டியோட நான் வெந்து போகவா?" என்றார் தையல்காரர்.

"நிறுத்துங்கன்னேன்ல."

விசிறி நின்றது. டப்பாம்மா ஸ்டூல் மேல் ஏறி, ஒரு புது வடிதாளால் விசிறி இறக்கையை நீளத்துக்கும் வழித்தார். தாளை எண்ணியில் வைத்தார்.

எண்ணி தாளிக்கிற கடுகுபோல் வெடித்தது.

"பிள்ளைங்க எல்லாம் இங்க ஏறி உக்காந்திருக்கு" என்றார் டப்பாம்மா. "சுத்துற ஃபேன்ல வந்து ஒட்டிக்கும். அப்ப காத்துல கம்மியாயிடும். உன் பம்ப் காத்த மட்டும்தானே பாக்குது? தாய் அப்படியே இருக்கா."

விசிறியை நிறுத்தி, கதவை மூடி, மூவரும் வெளியே படியில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டு மீண்டும் பம்ப் போட்டார்கள். இம்முறை பம்ப்காரர் முகத்தில் வெளிச்சம் இல்லை. பிறகு ஒரு டப்பாவைத் திறந்து கத்தரி மேஜை மேல் வைத்தார் டப்பாம்மா. அது சொல்லப்போகிற அளவு அவருக்கு அப்போதே தெரியும். நான்கு அறையிலும் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு. தன் வீட்டு ரேடானைத்தான் அவர் இத்தனை நாள் ஊர் வீடுகளிலிருந்து கழித்துக்கொண்டிருந்தார்.

 தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி."

பம்ப்காரர் சிரிப்பை அடக்கப் பேன்ட்டை முகத்தில் வைத்துக்கொண்டார். டப்பாம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க. இத்தன வருஷமா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும்."

"வேற எங்க உக்காருவேன்? மெஷின் இங்கதானே இருக்கு."

"நான் டீ கொண்டு வந்து கொடுத்துட்டு, சில்லப் பாத்துட்டுப் போயிடுவேன். உங்களப் பாக்கல."

"என்னப் பாக்கறதுக்கு என்ன இருக்கு, விடும்மா." அவர் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "தம்பி, அந்தப் பக்கம் பிடிங்க. மேல கொண்டு போவோம். இல்லன்னா இவ இன்னிக்கு சமைக்க மாட்டா. சமைச்சாலும் உப்பு தாங்காது."

கூடத்தில் மெஷின் ஏறியது. சோபா கூடத்திலிருந்து இறங்கி நடைக்குப் போனது. வருகிறவர்கள் எல்லாம் சோபாவைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது.

நிலையத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு எடுத்துவிட்டார். நல்லவேளை, ஒவ்வொரு சில்லுக் கட்டிலும் ஓரிரு உறைகள் பிரிக்காமல் கிடங்கில் கிடந்தன. அவை தகட்டு உறைகள், ரேடான் நுழையாது. அவற்றைப் பிரித்து உண்மையான வெற்றுச் சில்லுகளை எண்ணி, பழைய கணக்கை எல்லாம் திருத்தினார்கள். பெரும்பாலான வீடுகளில் அளவு கொஞ்சம் ஏறியும் வரம்புக்குள்ளேயே நின்றது. சில வீடுகள் வரம்பைத் தாண்டின.

"தாண்டினவங்களுக்குக் கடிதம் போட்டுடலாம். 'மறுபரிசீலனையில்'னு ஆரம்பிச்சா நாகரிகமா இருக்கும்" என்றார் தலைவர்.

"கடிதம் நீங்க போடுங்க சார். நான் போயிட்டு வரேன்."

"எதுக்கும்மா? வாங்கிக் கட்டிக்கவா?"

"வாசல்ல நின்னு சொன்னேன். வாசல்லதான் திரும்ப வாங்கணும்."

தையல்காரரும் கூடவே கிளம்பினார். "நீங்க எதுக்கு?" என்றதற்கு, "கழிச்சது என்னைத்தானே. நானும் வந்து முகத்தக் காட்டுறேன்" என்றார். டப்பாப் பையை அவர் தூக்கிக்கொண்டார். அந்தப் பையை டப்பாம்மா வேறு யார் தோளிலும் விட்டதில்லை.

முதல் வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர். கேட்டுவிட்டு நாடியைத் தடவினார். "உங்க பேச்சக் கேட்டு நான் நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தேனே. இனிமே தூக்கம் போச்சா?"

"தூங்க வேணாம்னு சொல்லல. கொஞ்ச நாள் மாடியில தூங்குங்க."

"மாடியில என் சம்சாரம் குறட்டை விடுவா."

"அதுக்கு எங்ககிட்ட மானி இல்ல" என்றார் தையல்காரர். தபால்காரர் சிரித்துக்கொண்டே டப்பாவுக்கு இடம் காட்டினார்.

எல்லா வாசலும் அப்படி இல்லை. ஒரு வீட்டில் கதவைத் திறந்த இளம்பெண் இடுப்பில் குழந்தை வைத்திருந்தாள். டப்பாம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சொல்லி முடிப்பதற்குள் வாடியது.

"அன்னிக்கு நீங்கதானே வந்தீங்க? சிரிச்சிக்கிட்டே சொன்னீங்களே. அத நம்பித்தானே தொட்டிலக் கீழ போட்டோம்?"

"சொன்னேன். தப்பா சொன்னேன்."

"தப்பா சொன்னேன்னா? அவ்வளவுதானா?"

 சரக்கு, உறை, பெட்டகம் என்று எத்தனையோ காரணம் டப்பாம்மா கையில் இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. கதவு படாரென்று மூடிக்கொண்டது.

தையல்காரர் மெல்ல, "போலாமா?" என்றார்.

"டப்பா வைக்கணும்."

"கதவே மூடிடுச்சேம்மா."

"தொறக்கும்."

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். யார் வீட்டு வாசலிலும் உட்காராத டப்பாம்மா அன்று உட்கார்ந்தார். உள்ளே கட்டில் இழுக்கிற சத்தமும் படியில் ஏதோ ஏறுகிற சத்தமும் கேட்டன. பிறகு கதவு ஒரு சாண் திறந்தது.

"இன்னும் போகலியா?"

தையல்காரர் எழுந்தார். "எங்க வீட்டுலயும் இதே கதைதாம்மா. கீழறையில உக்காந்திருந்தவன் நான்தான். இவ பொண்டாட்டின்னு என்னால கதவச் சாத்த முடியல. நீங்க சாத்தினீங்க, நல்லதுதான். இப்ப அந்த டப்பாவ மட்டும் வச்சிக்கிறோம்."

பெண் சிரிக்கவில்லை. ஆனால் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. "தொட்டில மாடிக்கு ஏத்திட்டேன்" என்றாள். டப்பாம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். குனிந்து தரையைப் பார்த்தார். குழாய் இறங்குகிற இடத்தில் கட்டைவிரல் நுழையும் இடைவெளி. அதைத் தொட்டுக் காட்டினார். "இங்கேர்ந்துதான். அடைக்கலாம். அடைச்சிட்டு மூணு விதமாவும் பாத்துட்டுத்தான் இனிமே வாயத் திறப்பேன்."

சொன்னபடியே செய்தார். சில்லு நிற்கவில்லை, டப்பாவும் நிற்கவில்லை, பம்ப்பும் நிற்கவில்லை. "மூணுல ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் கொடுக்கட்டும்" என்று தலைவரிடம் சாதித்தார். வெற்றுச் சில்லுகள் பிரிக்காத தகட்டு உறையிலேயே, நிலையத்திலேயே இருக்கும் என்று ஆனது. தாண்டின வீடுகள் ஒவ்வொன்றுக்கும் மறுபடி போனார். அந்த இளம்பெண்ணின் வாசலுக்கும் ஒரு நாள் செருப்பைக் கழற்றாமல் போய் நின்று, பழைய வாக்கியத்தைச் சொன்னார். "இப்ப நிஜமாவா?" என்றாள் அவள். "மூணும் சொல்லுது" என்றார் டப்பாம்மா.

சொந்த வீடுதான் கடைசி. கீழறைத் தரைக்கு அடியில் ஒரு குழாய் இறக்கினார்கள். அடிக்காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் தள்ள ஒரு சின்ன மின்விசிறி அதில் வைத்தார்கள். உடைந்த மூலையைப் பூசினார்கள், ஜன்னலைத் திறந்தார்கள். மெஷின் மறுபடி கீழே இறங்கியது. டப்பா வைத்தார், பம்ப்காரரைக் கூப்பிட்டு பம்ப் போடச் சொன்னார், மூன்று மாதம் சில்லு தொங்கவிட்டார். அதையும் எண்ணி முடித்த அன்று வேலையிலிருந்து வந்தவர், உள்ளே போகாமல் கீழறைப் படியின் மேல் செருப்போடு நின்றார். யாரோ முன்பின் தெரியாத வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"நிம்மதியா மூச்சு விடுங்க."

"ஆகட்டும்மா" என்றார் தையல்காரர். ஊசியில் நூல் கோக்க அவருக்கு அன்று இரண்டு தடவை பிடித்தது.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு பருவமும் அந்த அறையில் ஒரு சில்லு தொங்கியது. எண்ணி முடித்ததும் படியின் மேல் நின்று அதே வாக்கியம். தையல்காரர் நிமிராமலே "ஆகட்டும்மா" என்பார். இப்படிப் பல வருடம்.

டப்பாம்மாவைக் கொண்டுபோனது இருதயம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் நுரையீரலா என்றுதான் முதலில் கேட்டார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி மகளுக்கு அலுத்தது. பம்ப்காரர் மட்டும் எதுவும் கேட்கவில்லை. தையல்காரர் இடுப்பு இறக்கிக் கொடுத்த அந்தப் பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அது அவருக்கு இப்போது தொளதொளவென்று இருந்தது.

மகளும் கருவிகள் படித்தவள்தான். வேறு ஊரில் வேலை. வசந்தம் வந்தபோது வீட்டுக்கு வந்தாள். கீழறையில் கத்தரி மேஜைக்கு மேல் அம்மா கடைசியாகத் தொங்கவிட்ட கிண்ணி அப்படியே இருந்தது. நாள் கடந்துவிட்டிருந்தது. கழற்றி நிலையத்துக்கு எடுத்துப்போனாள். பம்ப்காரர் கரைசலைச் சூடாக்கிக் கொடுத்தார். மைக்ராஸ்கோப்பை அவளே பார்த்தாள். பிரிக்காத உறையிலிருந்து வெற்றுச் சில்லை எடுத்து எண்ணிக் கழித்தாள். கூடிப்போன நாளையும் கணக்கில் சேர்த்து வகுத்தாள். குறைவுதான்.

வீட்டுக்கு வந்து படியின் மேல் நின்றாள். கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் அந்தச் சின்ன விசிறி முனகிக்கொண்டிருந்தது.

"எண்ணியாச்சுப்பா. கம்மியாத்தான் இருக்கு."

மெஷின் நின்றது. தையல்காரர் திரும்பவில்லை. காத்திருந்தார்.

மகள் செருப்பைக் கழற்றப் போனவள், கழற்றவில்லை. நிமிர்ந்து நின்றாள். பிறகு சொன்னாள்.

"நிம்மதியா மூச்சு விடுங்க."

"ஆகட்டும்மா" என்றார் அவர். மெஷின் மறுபடி ஓடியது.